மூலக்குளத்திலிருந்து செஞ்சிக்கு இரண்டு சைக்கிள்!

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பழைய சைக்கிள் ஒன்று சாய்ந்து நிற்கிறதா, வாசகர்களே? டயரில் காற்றில்லாமல், கேரியரில் பழைய செய்தித்தாள் கட்டைச் சுமந்துகொண்டு, மணியடித்தால் 'கிர்ர்' என்று இருமுகிற சைக்கிள்? அப்படி ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையை முழுவதும் படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள். பக்கத்து வீட்டில் நிச்சயம் ஒன்று இருக்கும்!

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற சாலையில் நெல்லித்தோப்பையும் ரெட்டியார்பாளையத்தையும் தாண்டினால் மூலக்குளம் வரும். பெயரில் குளம் இருக்கிறதே தவிர, இன்று கண்ணில் படுவதெல்லாம் கடைகளும் பஸ்களும் ஸ்கூட்டர்களுந்தான். அங்கேதான் என் மாமனார் வீடு. சென்ற மாசி மாதத்தில் பத்திரிகை வேலையாகப் புதுச்சேரிக்குப் போயிருந்தபோது, வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே போனேன். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தபோது மாமனார் மெதுவாகக் கேட்டார்:

"மாப்பிள்ளே, உங்களுக்குச் சைக்கிள் விட வருமா?"

கல்லூரியில் படித்த காலத்தில் தினமும் எட்டு மைல் மிதித்தவன் நான். மார்பை நிமிர்த்திக்கொண்டு, "வருமே!" என்றேன். அந்த ஒரு வார்த்தையின் பலனாகத்தான் இரண்டு நாள் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் திண்டாடினேன். ஆனாலும் சொல்லுகிறேன், அந்த இரண்டு நாளைப் போல் சமீபத்தில் நான் அனுபவித்த நாட்கள் வேறில்லை.

மாமனாருக்கு வயது 70. 'ரோடியர் மில்' என்று ஊரார் சொல்லும் ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் மில்லில் தறி ஓட்டியவர். 1898-ல் தொடங்கிய அந்த மில் 2020-ல் மூடப்பட்டது. சங்கு ஊதுவதற்குக் கால் மணி முன்னால் மூலக்குளத்தில் பெடலை மிதித்து, சங்கு ஊதும்போது மில் வாசலில் இறங்குவார் என்று பேர். இரண்டு வருஷத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். "சைக்கிள் விடலாம், ஆனால் மெதுவாக. மேடு வந்தால் இறங்கித் தள்ளுங்கள். மலை ஏறுகிற ஜோலி மட்டும் வேண்டாம்" என்பது டாக்டர் உத்தரவு.

அவர் போக விரும்பிய இடமோ செஞ்சி! ஒரு மலையல்ல, மூன்று மலை!

நிபந்தனைகள்

1978-ஆம் வருஷம் மில் நண்பர்கள் நாலு பேர் சைக்கிளில் செஞ்சிக்குப் போனார்களாம். கோட்டை வாசல் வரை போய்விட்டு, ராத்திரி ஷிப்டுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் மலை ஏறாமலே வந்துவிட்டார்களாம். அந்த நால்வரில் இருவர் இப்போது இல்லை. ஒருவர் படுத்த படுக்கை. "மிச்சம் நான்தான். ஒரு தடவை போய்ட்டு வந்துடலாம்னு பார்க்கிறேன்" என்றார் மாமா.

விஷயத்தைக் கேட்டதும் டெலிபோனில் என் மனைவி போட்ட கூச்சல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். கடைசியில் மூன்று நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஒன்று, பெரிய சாலையில் போகக்கூடாது. இரண்டு, ஒரு நாளில் போகிற தூரத்தை இரண்டு நாளாக்க வேண்டும். மூன்று, அப்பா மலை ஏறக்கூடாது. "ஏங்க, நீங்க வேணும்னா ஏறுங்க!" என்று என் மீது பெரிய மனது பண்ணினாள்.

முதல் நிபந்தனையால் எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. பெரிய சாலை வேண்டாமென்றால் எந்தச் சாலை? மாமா யோசித்தார். "ஆத்தைப் புடிச்சுக்கிட்டே போயிடலாம்" என்றார்.

சங்கராபரணி ஆறு! வராக நதி என்றும், செஞ்சி ஆறு என்றும் அதற்குப் பெயர் உண்டு. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, வீடூரில் அணையில் தங்கி, திருவக்கரையையும் வில்லியனூர் வட்டாரத்தையும் தொட்டுக்கொண்டு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. தண்ணீர் இறங்கி வருகிற வழியில் நாம் ஏறிப் போக வேண்டியதுதான். ஆறு போகிற வழியில் செங்குத்தான மேடு எங்கிருந்து வரும்? எழுபதுக்கும் ஸ்டென்டுக்கும் இதைவிடப் பொருத்தமான பாதை கிடையாது.

சனிக்கிழமை முழுவதும் சைக்கிள் கடையில் கழிந்தது. இரண்டு சைக்கிளையும் ஓவராயில் செய்து, ரிம்முக்குக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். "செஞ்சிக்கா?" என்று கேட்டு, என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு உபரி ட்யூபும் கொடுத்தார்.

ஆயியின் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி. பனி இன்னும் விலகவில்லை. மாமா முன்னே, நான் பின்னே. அவருடைய ஹாண்டில்பாரில் ஒரு துணிப் பை தொங்கியது. அதில் துண்டில் சுற்றிய ஏதோ ஒரு கனமான சாமான். "என்ன மாமா அது?" என்றேன். "இருக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார்.

மூலக்குளத்துக்கு அருகில்தான் முத்திரையர்பாளையம். புதுச்சேரி பாரதி பூங்காவில் வெள்ளை வெளேரென்று ஒரு மண்டபம் இருக்கிறதே, ஆயி மண்டபம், அதன் கதை இங்கேதான் ஆரம்பம். கிருஷ்ணதேவராயர் வில்லியனூர்ப் பக்கம் வந்தபோது, தூரத்தில் விளக்குகளோடு ஒளிர்ந்த ஒரு மாளிகையைக் கோவிலென்று எண்ணிக் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் கொண்டு, இடிக்கச் சொன்னாராம். ஆயி கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, தன் கையாலேயே வீட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். பிற்காலத்தில் மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்டபோது, இந்தப் பகுதியின் நீரைக் கால்வாய் மூலம் புதுச்சேரி நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாகத்தான் அந்த மண்டபம் எழும்பியது. கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு கற்பனை என்று ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ராஜா பெயரை விட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தவள் பெயரை மண்டபத்துக்கு வைத்தார்களே, அது நமக்குப் போதும்.

அரும்பார்த்தபுரம் தாண்டி, ஐந்தாறு கிலோமீட்டரில் வில்லியனூர். திருக்காமீசுவரர் கோவில் கோபுரம் கண்ணில் பட்டதும் மாமா இறங்கிக் கும்பிட்டார். இந்தக் கோவில் தேர்த் திருவிழாவில் பிரெஞ்சுக் கவர்னர் வந்து வடம் பிடிப்பது வழக்கமாயிருந்தது. இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். சற்றுத் தள்ளி, 1877-ல் எழுந்த லூர்து மாதா ஆலயம். அதன் முன்னால் நம் கோவில்களில் இருப்பதைப் போலவே படிக்கட்டுக் குளம்! ஒரே ஊரில் தேரும் மாதாவும், இரண்டுக்கும் குளம். சைக்கிளில் போகிறவனுக்கு இரண்டு இடத்திலும் நிழல்.

வில்லியனூர் வட்டாரத்தில் இன்னும் ஒரு ஊரைச் சொல்லாமல் போகக்கூடாது. அது கீழூர். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி, இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். சேர வேண்டுமென்றவர் 170 பேர். வேண்டாமென்றவர் 8 பேர். அந்த ஆண்டு நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. ஒரு துப்பாக்கி வெடிக்காமல், ஒரு கிராமத்தில் வாக்கு எண்ணி முடிந்த காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் பலர் அடிபட்டிருக்கிறார்கள், உயிரும் விட்டிருக்கிறார்கள்.

"எங்க மில்லுக்காரங்க கதையும் அதுல உண்டு மாப்பிள்ளே" என்றார் மாமா. 1936 ஜூலை 30-ல் புதுச்சேரியில் வேலை நிறுத்தம் செய்த மில் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எட்டு மணி நேர வேலை என்ற சட்டம் வந்தது. "அந்த எட்டு மணி நேரம் இல்லேன்னா எனக்கு ஏது லீவு, ஏது சைக்கிள், ஏது செஞ்சி?" என்று கேட்டுவிட்டுப் பெடலை மிதித்தார்.

ஏரிக்கரையில் இட்லி

வில்லியனூரிலிருந்து வடக்கே திரும்பினால் பத்துக்கண்ணு. 'கண்' என்றால் மதகின் வாய். ஊர்ப் பெயரிலேயே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அதற்கு அப்பால் ஊசுட்டேரி. சுமார் 800 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரியில் ஏறத்தாழப் பாதி புதுச்சேரிக்குச் சொந்தம், மீதி தமிழ்நாட்டுக்குச் சொந்தம். நீர்க்கோழிக்கு மட்டும் இந்த எல்லை தெரியாது! புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வாடைக் காலத்தில் வெளிநாட்டு வாத்துகளும் வந்து இறங்குகின்றன.

கரையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிவந்த மிளகாய்ப்பொடி இட்லியைத் தின்றோம். பசிக்கு முன்னால் சாப்பிடு, தாகத்துக்கு முன்னால் குடி, களைப்புக்கு முன்னால் இளைப்பாறு. இது என் யோசனையல்ல. பிரான்சில் செந்தெத்தியேன் என்ற ஊரில் போல் தெ விவி என்று ஒரு மனிதர் இருந்தார். 1853-ல் பிறந்தவர். பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டுச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டவர். 1887-ல் சைக்கிள்காரர்களுக்கென்றே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். பந்தயத்தில் முந்துவது பெரிதல்ல, ஊரையும் மலையையும் பார்த்துக்கொண்டு நிதானமாகப் போவதே பெரிது என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார். சைக்கிள் யாத்திரைக்காரர்கள் அவரைத் தங்கள் குருவாகவே கொண்டாடுகிறார்கள். அவர் வகுத்த விதிகளின் சாரந்தான் மேலே நான் சொன்னது. அதோடு, பெருமைக்காக மட்டும் பெடலை மிதிக்காதே என்றும் ஒரு விதி உண்டு. மாமாவுக்கு முன்னால் போய்க் காட்ட வேண்டுமென்று பத்துக்கண்ணுவில் நான் வேகமெடுத்தபோது அந்த விதி ஞாபகத்துக்கு வரவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகுதான் வந்தது.

ஊசுட்டேரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத்தான். அதே சுத்துக்கேணியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் மண்ணைத் தோண்டி, பல தலைமுறைகளுக்கு முற்பட்ட முதுமக்கள் தாழிகளை எடுத்தார்கள். வாய்க்காலை ஒட்டி வண்டிப் பாதையில் போகும்போது, நமக்கு முன்னால் எத்தனை பேர் இந்த வழியாக நடந்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றியது. சாலையின் இருபுறமும் கரும்பும் நெல்லும் சவுக்கும் இருந்தன. பத்து நிமிஷத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள், அரை மணிக்கு ஒரு டவுன் பஸ், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் ஒரு வேடிக்கை. புதுச்சேரி மாநிலத்தின் கிராமங்கள் ஒரே தொடர்ச்சியாக இல்லை. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பங்கு போட்டுக்கொண்ட நாளிலிருந்து துண்டு துண்டாக, இலையில் பரிமாறிய கூட்டுப் பொரியல் மாதிரி தமிழ்நாட்டுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஒரு மணி நேரத்தில் நாங்கள் எத்தனை தரம் எல்லையைத் தாண்டினோம் என்று எண்ணிப் பார்த்து, கணக்கு விட்டுப்போயிற்று. எல்லைக் கல்லைத் தேட வேண்டாம். பெட்ரோல் விலைப் பலகையும் மதுக்கடைப் பலகையுமே அடையாளம்!

துண்டில் சுற்றிய சாமான்

பதினொரு மணி வெயிலில் நிலம் நிறம் மாறியது. கரிசல் போய்ச் செம்மண் வந்தது. மேடு வந்த இடங்களில் டாக்டர் சொன்னபடி இறங்கித் தள்ளினோம். (உண்மையைச் சொன்னால், தள்ளலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான்.) திருவக்கரை வந்து சேர்ந்தோம்.

திருவக்கரைக்கு இரண்டு பெருமை. ஒன்று, சந்திரமௌலீசுவரர் கோவில். ஞானசம்பந்தர் பாடிய தலம், மூன்று முகமுடைய லிங்கம், வக்கிரகாளியின் சந்நிதி. சோழ ராணி செம்பியன் மாதேவியின் திருப்பணியும் இங்கே உண்டு. பௌர்ணமியன்று இந்த ஊர் கொள்ளாத கூட்டம் வரும். நிம்மதி வேண்டுமானால் அந்த நாளைத் தவிர்த்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, கல் மரங்கள். ஊருக்குப் பக்கத்தில் செம்மண் மேட்டில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறை காத்துவரும் பூங்காவில், பட்டையும் வளையமும் கணுவுமாக, வெட்டிப் போட்ட மரத்துண்டுகள் மாதிரி சுமார் 200 மரங்கள் கிடக்கின்றன. தொட்டுப் பார்த்தால் கல்! ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் ஆற்று மணலில் புதைந்தன. கிளையும் இலையும் வேரும் காணப்படாததால், அவை இங்கேயே நின்ற மரங்களல்ல, எங்கிருந்தோ உருண்டு வந்தவை என்கிறார்கள். மண்ணிலிருந்த நீர் கரைத்துக் கொண்டுவந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வோர் அணுவறைக்குள்ளும் புகுந்து இறுகிற்று. மரம் போய்விட்டது, அதன் உருவம் கல்லாக நின்றுவிட்டது. நமக்குத் தெரிந்த புளி, ஆமணக்கு ஆகியவற்றின் குடும்பத்து மரங்களும் இவற்றில் உண்டு. 1781-ல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இவற்றைக் கண்டு எழுதினார்.

நான் இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, மாமா பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல் மரத் துண்டு! வளையங்கள் எண்ணிவிடலாம் போல் தெளிவாக இருந்தன.

"78-ல எடுத்தது மாப்பிள்ளே. நாலு பேரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டோம். யாரும் கேக்கலை. வீட்டுல ரேஷன் கார்டு பறக்காம இருக்க வெச்சிருந்தேன். பேரன் பள்ளிக்கூடத்துல இதைப் பத்திப் படிச்சுட்டு வந்து, 'தாத்தா, இது இரண்டு கோடி வருஷம், நம்ம வீட்டுல எப்படி வந்துச்சு?'ன்னான். அவனுக்கு என்ன பதில் சொல்றது?"

காவல்காரரிடம் போனார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அவர் திட்டுவாரோ, எழுதிக் கொடு என்பாரோ என்று எனக்குக் கவலை. அவர் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடுத்துட்டுப் போறவங்களைத்தான் பார்த்திருக்கேன். கொண்டாந்து குடுத்தவரை இப்பத்தான் பார்க்கிறேன். உக்காருங்க ஐயா, தண்ணி குடிங்க" என்றார்.

நிழலில் உட்கார்ந்த மாமா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "மத்த மூணு கல்லு எங்க இருக்கோ" என்றார். அந்த மூன்று வீடுகளிலும் விசாரிப்பது என்று அங்கேயே தீர்மானமாயிற்று.

வாசகர்களே, இந்த வழியில் நீங்கள் போனால், கண்ணால் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளுங்கள். கையால் ஒன்றும் எடுக்காதீர்கள். போகிறவர்கள் ஆளுக்கொரு துண்டு எடுத்தால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

நெடுஞ்சாலையின் குறுக்கே

சாயங்காலம் கடற்காற்று முதுகில் வந்து தள்ளியது. கிழக்கே கடல், மேற்கே மலை என்பதால் பிற்பகலில் மேற்கு நோக்கிப் போகிறவனுக்குக் காற்று சிநேகிதன். 1950-களின் இறுதியில் கட்டிய வீடூர் அணையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முருகன் குடியிருக்கும் மயிலம் குன்றின் அடிவாரத்தில் இரவு தங்கினோம். அன்று மிதித்தது நாற்பத்தைந்து கிலோமீட்டர் சுமார் இருக்கும். மாமா படுத்தவுடன் தூங்கிவிட்டார். எனக்குத்தான் எந்தப் பக்கம் திரும்பினாலும் வலித்தது.

திங்கட்கிழமை காலை சென்னை-திருச்சி நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் பிரயாணத்தில் எனக்குப் பயம் ஏற்பட்ட இடம் அது ஒன்றுதான். ஆம்னி பஸ்களும் லாரிகளும் கார்களும் காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்தன. எங்கள் பக்கத்தில் நாலைந்து பள்ளிக்கூடப் பெண்கள், அரசு கொடுத்த சைக்கிள்களில், இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாகக் காத்து நின்றார்கள்.

"தினமும் இப்படித்தானா அம்மா?" என்றேன்.

"ஆமா சார். காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை."

"பயமா இல்லையா?"

அந்தப் பெண் என்னை அதிசயமாகப் பார்த்தாள். "பயந்தா பள்ளிக்கூடம் போக முடியுமா சார்?" என்றாள். இடைவெளி கிடைத்த நொடியில் ஐந்து பேரும் ஒரே வரிசையாகக் குறுக்கே போய்விட்டார்கள். நாங்கள் இரு ஆண் பிள்ளைகளும் இன்னும் மூன்று நிமிஷம் இந்தப் பக்கமே நின்றோம்!

நான் ஓய்வுக்காக ஒரு நாள் தேடிப் போன அமைதியான சாலை, அந்தப் பெண்ணுக்குத் தினசரிப் படிப்புச் சாலை. பால் கேனோடு போகிறவருக்கும், கீரைக் கட்டோடு போகிறவருக்கும் அதுவே பிழைப்புச் சாலை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு, தண்ணீருக்கும் வேலைக்கும் படிப்புக்கும் தாங்களே போக ஆரம்பித்தார்கள். சைக்கிள் கொடுத்தாயிற்று, ஓட்டவும் கற்றாயிற்று. சாலையை அகலப்படுத்துகிறவர்கள், அதைக் குறுக்கே கடக்கிற சைக்கிளுக்கும் ஒரு சுரங்க வழியோ மேம்பாலமோ யோசித்தே ஆக வேண்டும். சைக்கிளில் சுற்றிப் பார்க்க வருகிற நம்மைப் போன்றவர்கள் இதைக் கேட்டால், கேட்கிற குரல் இன்னும் கொஞ்சம் பெரிதாகும்.

ராஜகிரியின் அடியில்

நெடுஞ்சாலைக்கு மேற்கே மறுபடி அமைதி. நிலக்கடலை வயல்கள், பனை வரிசை, நடு நடுவே யானை படுத்திருப்பதைப் போல் பாறைக் குன்றுகள். வழியில் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோவிலின் உயர்ந்த கோபுரத்தைப் பார்த்து, 'இவ்வளவு நாள் இது தெரியாமல் இருந்தோமே' என்று வெட்கப்பட்டேன்.

பத்து மணிக்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளும், அவற்றைச் சேர்த்து வளைத்த மதிலும் எதிரே எழுந்து நின்றன. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. பிறகு மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட கோட்டை. 1714-ல் தேசிங்கு ராஜன் போரில் விழுந்ததும் இந்த மண்ணில்தான். 1750-ல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர் ஒரே இரவில் கைப்பற்றி, 1761-ல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். மராட்டியரின் கோட்டை வரிசையில் ஒன்றாக, 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றிச் சிற்ப வேலைப்பாடுள்ள கல் தூண்கள் நிற்கின்றனவே, அவை செஞ்சியிலிருந்து கொண்டுபோனவைதான். தூண்கள் கிழக்கே போயின. மாமாவின் கல் மேற்கே வந்தது!

மலை அடிவாரத்தில் மாமா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். ஏறுகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் துண்டை உதறி, புளிய மர நிழலில் விரித்து உட்கார்ந்தார்.

"நீங்க போய்ட்டு வாங்க மாப்பிள்ளே. ரெண்டு சைக்கிளையும் நான் பார்த்துக்கறேன். மேலேருந்து நம்ம ஆறு தெரியுதான்னு மட்டும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

ராஜகிரி எண்ணூறு அடிக்குச் சுமார் இருக்கும். ஏறினேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். ஏறிய விதத்தை என் முழங்காலைக் கேளுங்கள்! உச்சிக்குக் கிட்டே ஒரு பிளவு, அதன் மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் கோட்டைக்குள் ஈ நுழைய முடியாது. உச்சியில் அரங்கநாதர் கோவில், களஞ்சியம், மணிக்கூண்டு. குரங்குகள் ஏராளம், கையிலிருந்த வாழைப்பழத்துக்கு விடை கொடுத்தேன்.

நாற்புறமும் பார்த்தேன். கீழே கல்யாண மகால் பொம்மை மாதிரி நின்றது. மேற்கே மலை மலையாய் நீலம். கிழக்கே வயல்களும் பாறைகளும். வெகு தூரத்தில், வெயில் பட்டு, ஒரு வெள்ளிக் கீற்று மின்னியது. ஆறா, ஏரியா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

இறங்கி வந்தபோது மாமா இரண்டு இளநீர் வாங்கி வைத்திருந்தார். "தெரிஞ்சுதா?" என்றார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "கிழக்கே ஏதோ மின்னுச்சு மாமா. ஆறோ, ஏரியோ, சொல்ல முடியலை" என்றேன்.

அவர் சிரித்தார். "ஏரியா இருந்தா மட்டும் என்ன? அதுவும் நம்ம ஆத்துத் தண்ணிதானே!" என்று சொல்லி, இளநீரை நீட்டினார்.

திரும்பும்போது சைக்கிள்களையும் எங்களையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். என் மனைவிக்கு இது தெரிய வேண்டாம். இரண்டு பக்கமும் மிதித்ததாகத்தான் அவளிடம் சொல்லியிருக்கிறோம்!

நீங்களும் போகலாம்

தை, மாசி மாதங்கள் நல்லவை. கத்தரி வெயிலில் போகாதீர்கள். ஐந்து மணிக்குக் கிளம்பி, பதினொன்றுக்கு நிழலில் ஒதுங்கி, மூன்றரைக்கு மேல் மறுபடி ஏறுங்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்பு, பின்னால் சிவப்பு விளக்கு, இவை போதும். கியர் சைக்கிள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதகமில்லை, சமவெளிதான். ராஜகிரியைக் காலையிலேயே ஏறிவிடுங்கள்.

மூலக்குளத்திலிருந்து ஒரே நாளில் திரும்ப வேண்டுமா? மேற்கே திருபுவனைக்குப் போங்கள். அங்குள்ள பெருமாள் கோவில் கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்விச் சாலையைப் பற்றிச் சொல்லுகிறது. அல்லது தெற்கே பாகூருக்குப் போங்கள். பெரிய ஏரி, மூலநாதர் கோவில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் ஒரு வித்தியாஸ்தானத்துக்கு ஊர்களைத் தானம் கொடுத்த செப்பேடு கிடைத்த ஊர். இன்னும் தூரம் போகத் தெம்பிருந்தால், செஞ்சியிலிருந்து விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் மகேந்திர பல்லவன் பாறையில் குடைந்த கோவில் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறது.

போகும்போது பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள். வழி அவருக்குத் தெரியும். அவர் பையில் என்ன இருக்கிறது என்று மட்டும் முன்னாலேயே கேட்காதீர்கள்!